அரிசி மூட்டை போகுது, கிராணிக்குச் சம்பளம் யார் கொடுக்கறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதப் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தாரு, இங்க நம்ம புளோக்குக்குக் கீழயே வயசானவங்க அட்டைப்பெட்டி பொறுக்கிக்கிட்டு இருக்கும்போது எதுக்கு காஸா, மியன்மார், ஆப்கானிஸ்தான்னு வெளியில அள்ளிக் கொடுக்கணும், எவ்வளவு கொட்டினாலும் அந்த நாடுங்க எந்திரிக்கப் போறதில்லன்னு. அதைப் படிச்சதுலேருந்து காப்பிக் கடையில எங்க கூட்டாளிங்களுக்குள்ள மூணு நாளா சண்டை. நான் எந்தப் பக்கம்னு கேட்டாங்க, ரெண்டு பக்கமும் இல்லன்னேன், அப்போ கடிதம் எழுது ஐயான்னு விரட்டிட்டாங்க. அதான் எழுதறேன், நீளமாப் போனா வெட்டிக்கோங்க.

முதல்ல அவர் சொன்னதுல ஒரு சின்னத் திருத்தம். காசு எல்லாம் வெளியூருக்குப் போயிடுதுங்கறது சரியில்ல. பொதுமக்கள்கிட்ட வெளிநாட்டுக்குன்னு வசூல் பண்ண பர்மிட் வேணும், பொதுவா வசூலான நிகரத் தொகையில 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளயே செலவாகணும்னு விதி, பேரிடர் நிவாரணம் மாதிரி விஷயத்துக்குத்தான் விலக்கு. அட்டைப்பெட்டி பொறுக்கற பாட்டிக்கும் காஸா குழந்தைக்கும் நடுவுல போட்டி வைக்கறது எனக்குப் பிடிக்கல, அதோட விடறேன்.

ஆனா "எந்திரிக்கப் போறதில்ல"ன்னு சொன்னாரே, அது என்னைக் குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஏன் எந்திரிக்கல? நான் 34 வருஷம் ஒரு கப்பல் பட்டறையில சம்பளக் கிராணியா, அதாவது சம்பளக் கணக்கு எழுதற குமாஸ்தாவா இருந்தவன். இப்ப எச்ஆர், பேரோல்னு என்னென்னமோ பேரு, எங்க காலத்துல கிராணிதான். அதனால எந்த நியூஸ் பார்த்தாலும் எனக்கு முதல்ல தோணற கேள்வி ஒண்ணுதான், அங்க வேலை பார்க்கறவனுக்கு மாசச் சம்பளம் யார் கொடுக்கறா? டிவியில அரிசி மூட்டை காட்டுவாங்க, தண்ணி டாங்கி காட்டுவாங்க, விமானத்துலேருந்து பெட்டி விழறதைக் காட்டுவாங்க. 2024 மார்ச்சுல நம்ம ஆகாயப் படை விமானமே ஜோர்தானுக்குப் போய் காஸா மேல நிவாரணப் பொருள் போட்டுச்சு, பார்த்தப்போ பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த ஊர்ல பொறப்பு சர்டிபிகேட் எழுதற ஆள், பம்பு ஹவுஸ்ல மோட்டார் போடற ஆள், ஆஸ்பத்திரியில ராத்திரி ஷிப்ட் பார்க்கற நர்ஸ், இவங்க சம்பளத்தை யாரும் படம் பிடிச்சுக் காட்டினதில்ல. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஒரு நாடு நிக்கறதும் விழறதும் இவங்க சம்பளத்துலதான்.

யேமன் கதையப் பாருங்க. 2016 செப்டம்பர்ல அந்த நாட்டு மத்திய வங்கிய, கிளர்ச்சிக்காரங்க கையில இருந்த சனாவுலேருந்து அரசாங்கத்து கையில இருந்த ஏடனுக்கு மாத்தினாங்க, சண்டையில ரெண்டு பக்கமும் வங்கி தன் கையில இருக்கணும்னு பார்த்தாங்க. அதுக்கப்புறம் ஏறக்குறைய பன்னிரண்டரை லட்சம் அரசாங்க ஊழியர்களுக்குச் சம்பளம் ஒழுங்கா வரல. வாத்தியார், டாக்டர், குப்பை அள்றவர் எல்லாரும்தான். 2017 மே மாசம் சனாவுல துப்புரவு ஆளுங்க சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் பண்ணாங்க, தெருவெல்லாம் குப்பை, மேல மழை. அந்த வருஷம் முடியறதுக்குள்ள அந்த நாட்டுல பத்து லட்சத்துக்கும் மேல காலரா சந்தேக கேஸ். குண்டு போட்டு தண்ணிக் குழாய உடைச்சதும் காரணம், பஞ்சமும் காரணம், இல்லங்கல. ஆனா காலரா மருந்து அனுப்ப உலகமே ஓடி வந்துச்சு, அந்தக் குப்பைக்காரருக்கு முன்னாடியே மாசச் சம்பளம் போயிருந்தா அந்த மருந்துல பாதி தேவைப்பட்டிருக்காதுன்னுதான் நான் நினைக்கறேன். பின்னாடி யுனிசெஃப் வாத்தியாருங்களுக்கு மாசம் 50 டாலர் ஊக்கத்தொகைன்னு கொடுத்துச்சு. சம்பளம்னு பேர் வைக்கக் கூட பயம், ஊக்கத்தொகை!

ஆப்கானிஸ்தான் இன்னும் பெரிய பாடம். நம்ம சிங்கப்பூர் ஆயுதப் படை ஆளுங்களும் 2007லேருந்து 2013 வரைக்கும் அங்க இருந்தாங்க, பாமியான்ல முதல்ல போய் அமைச்சது ஒரு பல் கிளினிக். கேட்டா சிரிப்பா இருக்கும், ஆனா அங்க உள்ளூர் ஆளுங்களுக்கும் பல் வேலை கத்துக் கொடுத்தாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. அமெரிக்கா மட்டும் 20 வருஷத்துல மறுசீரமைப்புக்குன்னு ஏறக்குறைய 145 பில்லியன் டாலர் செலவழிச்சதா அவங்க கணக்குத் தணிக்கை அலுவலகமே 2021ல எழுதி வச்சிருக்கு. அதே அலுவலகம் தோண்டி எடுத்த இன்னொரு கதை, ஆப்கான் விமானப்படைக்குன்னு 549 மில்லியன் டாலர் செலவழிச்சு 20 பழைய சரக்கு விமானம் வாங்கிக் கொடுத்தாங்க, ஸ்பேர் பார்ட்ஸ் இல்ல, ஓட்ட முடியல, கடைசியில 16 விமானத்தை உடைச்சு ஒரு பவுண்டு எடைக்கு 6 அமெரிக்கக் காசுன்னு பழைய இரும்புக்குப் போட்டாங்க. எங்க பட்டறையில ஒரு ஸ்பேனர் காணாமப் போனாலே மூணு பாரம் எழுதணும்.

அந்த நாட்டுல நல்லா நடந்ததும் இருக்கு, அதைத்தான் யாரும் பேச மாட்டேங்கறாங்க. 2002லேருந்து உலக வங்கி ஒரு பொது நிதி நடத்துச்சு, பல நாடுங்க அதுல காசு போடும், ஆப்கான் அரசாங்கம் தன் ஊழியருக்குத் தானே சம்பளம் போடும், அந்த ரசீதைக் கொண்டு வந்து காட்டணும், தனியா ஒரு தணிக்கைக்காரர் உட்கார்ந்து ஒவ்வொண்ணாப் பார்த்து, சரியா இருந்தாத்தான் பணம் திரும்பக் கிடைக்கும், இல்லாட்டி இல்ல. இது புரியறதுக்கு எனக்கு ஒரு நிமிஷம் கூட ஆகல, எங்க பட்டறையில காண்ட்ராக்டர் பில்லை நாங்க அப்படித்தான் பார்த்தோம். அவன் கையில காசைக் கொடுத்துட்டு கண்ணை மூடிக்கறதும் இல்ல, அவனை ஓரங்கட்டிட்டு நாமளே எல்லாம் செய்யறதும் இல்ல. அவன் செய்யணும், நாம பார்க்கணும்.

இன்னொரு சம்பவம் ரொம்பப் பிடிக்கும். 2009ல வார்தாக் மாகாணத்துல கொஞ்சம் போலீஸ்காரங்களுக்குச் சம்பளத்தைக் கைபேசி வழியா நேரா அனுப்பிப் பார்த்தாங்க. வாங்கினதுல சில பேர் சம்பளம் கூட்டிட்டாங்கன்னு நினைச்சாங்களாம். கூட்டவே இல்ல! அதுக்கு முன்னாடி கையில காசாக் கொடுத்தப்போ நடுவுல இருந்தவங்க ஒரு பங்கை எடுத்துக்கிட்டே இருந்திருக்காங்க, தன்னோட முழுச் சம்பளம் எவ்வளவுன்னே அந்த ஆளுங்களுக்குத் தெரியல. இதைப் படிச்சப்போ எழுபதுகள்ல எங்க பட்டறை ஞாபகம் வந்துச்சு, அப்பல்லாம் சம்பளம் கவர்ல காசாத்தான், ஒரு கங்காணி ஊருக்குப் போயிட்ட ஆள் பேர்ல ஓவர்டைம் எழுதி எட்டு மாசம் கையெழுத்து போட்டு வாங்கிட்டாரு. பிடிச்சது நான்தான். ஆள் இல்லாத பேருக்குச் சம்பளம் ஆப்கான் ராணுவத்துலயும் நடந்துச்சு, அங்க அதுக்கு பேய் சோல்ஜர்னு பேரு. ஆனா அங்க எட்டு மாசத்துல பிடிக்க ஆள் இல்ல, 2021 ஆகஸ்ட்ல தாலிபான் காபூல் வாசலுக்கு வந்தப்போ பட்டியல்ல இருந்த பேருக்கும் துப்பாக்கியோட நின்ன ஆளுக்கும் சம்பந்தமே இல்ல.

ஆகஸ்ட் 15 காபூல் விழுந்துச்சு, வெளிநாட்டுக் காசு ஒரே நாள்ல நின்னுச்சு. அதுவரைக்கும் அரசாங்கச் செலவுல முக்கால்வாசி வெளியிலேருந்து வந்த மானியம். சம்பளம் இல்லாம நர்சுங்க வேலைக்கு வந்துக்கிட்டிருந்தாங்க, பஸ் காசுக்குக் கடன் வாங்கிட்டு. அப்போ செஞ்சிலுவைச் சங்கத்தோட அனைத்துலகக் குழு ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு, நவம்பர்லேருந்து ஆஸ்பத்திரி ஊழியர் சம்பளத்தை நேரா எடுத்துக்கிட்டாங்க, போகப் போக 33 ஆஸ்பத்திரி, பத்தாயிரத்துக்கும் மேல ஊழியர்கள். காபூல்ல இருக்கற இந்திரா காந்தி குழந்தைகள் ஆஸ்பத்திரியும் அந்தப் பட்டியல்ல உண்டு. கட்டடம் கட்டல, புதுப் பேர்ப்பலகை மாட்டல, இருந்த நர்ஸை இருந்த இடத்துலயே நிக்க வச்சாங்க. 2023 ஆகஸ்ட்ல காசு பத்தாம அதை முடிச்சுக்கிட்டாங்க. இந்த ரெண்டு வரியை எந்த டிவியிலயாவது பார்த்திருப்பீங்களா?

இப்போ நம்ம ஆளுங்க கதைக்கு வரேன். எங்க மாடியில ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருக்காங்க, அவங்க தம்பி இலங்கையோட வடக்குல வன்னியில வாத்தியாரா இருந்தவர், ஒரு தடவை இங்க வந்தப்போ ராத்திரி வராந்தாவுல உட்கார்ந்து பேசிக்கிட்டிருந்தோம். புலிகள் கட்டுப்பாட்டுல இருந்த ஊர், ஆனா வாத்தியார் சம்பளம் கொழும்பு அரசாங்கத்தோடது, பரீட்சைத் தாள் கொழும்புலேருந்து, ஆஸ்பத்திரி டாக்டரும் கொழும்பு சுகாதார அமைச்சோட டாக்டர், கச்சேரியில, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துல, தலைமை அதிகாரியா இருந்த அரசாங்க அதிபரும் கொழும்பு நியமிச்சவர். இதை எத்தனை பேர் நம்புவீங்க? ரெண்டு பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிட்டிருக்க, நடுவுல ஒரு கிராணி உட்கார்ந்து ரேஷன் கார்டு எழுதிக்கிட்டிருந்தாரு. "அரசாங்கச் சம்பளம் வந்தபடியாத்தான் பள்ளிக்கூடம் நடந்தது தம்பி, இல்லாட்டி நாங்கள் எல்லாரும் எப்பவோ வெளிக்கிட்டிருப்பம்"னு அவர் சொன்னது இன்னும் காதுல இருக்கு. உலக உணவுத் திட்டம் அனுப்பின அரிசி கூட அந்தக் கச்சேரி வழியாத்தான் ஊருக்குள்ள போச்சு.

2008 செப்டம்பர்ல அரசாங்கம் பாதுகாப்பு தர முடியாதுன்னு சொல்லி ஐநாவையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொல்லுச்சு. கிளிநொச்சியில ஐநா அலுவலக வாசல்ல ஜனங்க நின்னு போகாதீங்க போகாதீங்கன்னு கெஞ்சினாங்க, போயிட்டாங்க. ஐநாவோட உள்விசாரணைக் குழு, சார்லஸ் பெட்ரி தலைமையில, 2012ல அதை அமைப்பு ரீதியான தோல்வின்னு எழுதியே கொடுத்துச்சு. யார் மிச்சம் இருந்தாங்க? அந்த அரசாங்க டாக்டருங்களும் கச்சேரி ஆளுங்களும்தான். 2009 தொடக்கத்துல கொழும்பு, உள்ள மாட்டிக்கிட்டவங்க ஒரு லட்சம் கூட இல்லன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு, சாப்பாடும் மருந்தும் அந்தக் கணக்குக்குத்தான் போச்சு. கச்சேரி கிராணிங்க கணக்கு மூணு லட்சத்துக்கு மேல. சண்டை முடிஞ்சு முகாமுக்கு வந்து சேர்ந்தவங்க மட்டும் கிட்டத்தட்ட 2 லட்சத்து 90 ஆயிரம். யார் கணக்கு சரின்னு நீங்களே பாருங்க. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபமும் வருது, ஒரு கிராணிங்கற முறையில பெருமையும் வருது, ரெண்டும் ஒண்ணா வர்றது சங்கடமா இருக்கு.

சரி, ஏன் யாரும் சம்பளத்துக்குக் கொடுக்க மாட்டேங்கறாங்க? காரணம் இருக்கு, முட்டாள்தனம்னு ஒதுக்க முடியாது. சம்பளம் கொடுத்தா அந்த ஆட்சிக்கு நாமளே முட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். தாலிபான் 2022 டிசம்பர்ல பெண்கள் தொண்டு நிறுவனத்துல வேலை பார்க்கக் கூடாதுன்னு தடை போட்டுச்சு, அடுத்த ஏப்ரல்ல ஐநாவுக்கும் அதே தடை, அப்புறம் அவங்க அமைச்சுக்கு எவன் காசு கொடுப்பான்? மியன்மார்லயும் இதே சிக்கல்தான். 2025 மார்ச் நிலநடுக்கத்துக்கு நம்ம குடிமைத் தற்காப்புப் படையிலேருந்து 80 பேர் போனாங்க, கரப்பான்பூச்சி முதுகுல கேமரா வச்சு இடிபாட்டுக்குள்ள விட்டாங்கன்னு என் பேரன் துள்ளிக் குதிச்சான், அது வேற கதை. ஆனா அங்க 2021ல ராணுவம் ஆட்சியப் பிடிச்சுச்சு, பெரிய நகரங்க அவங்க கையில, மத்த நிறைய இடம் எதிர்க்கறவங்க கையில, நிவாரணத்தை எந்த வழியா அனுப்பினாலும் யாரோ ஒருத்தருக்குப் பலம் கொடுத்த மாதிரிதான். என் கூட்டாளி ஒருத்தர் அதனால யாருக்கும் கொடுக்காதன்னு சொல்றாரு. நான் சொல்றது, ஆட்சி வேற ஆஸ்பத்திரி வேற. அமைச்சர் கைக்குப் போகாம நர்ஸ் கணக்குக்கு நேராப் போக வழி இருக்கு, காபூல்ல நடந்துச்சே. நூத்துக்கு நூறு சுத்தமா நடக்காது, கொஞ்சம் கசியும், கசியாத குழாய் எங்க இருக்கு.

லைபீரியாவுல இன்னும் கறாராப் பண்ணாங்க. அங்க 14 வருஷம் விட்டு விட்டு உள்நாட்டுச் சண்டை, 2003ல முடிஞ்சப்போ கஜானாவுல கை வைக்காத ஆள் இல்ல. 2005ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, முக்கியமான அமைச்சு, துறைமுகம் மாதிரி இடத்துல செக்குல உள்ளூர் அதிகாரி ஒரு கையெழுத்து, வெளியிலேருந்து வந்த நிபுணர் ஒரு கையெழுத்து, ரெண்டும் இருந்தாத்தான் காசு வெளிய வரும். மானக்கேடுன்னு அந்த ஊர்ல நிறைய பேருக்குக் கோபம், நியாயமான கோபம்தான், சுதந்திர நாட்டுல எவனோ வந்து கையெழுத்து போடறதான்னு. ஆனா சில வருஷத்துல அந்த ஏற்பாடு முடிஞ்சு ஆளுங்க ஊருக்குக் கிளம்பினாங்க. எங்க பட்டறையில எனக்கு மேல ரெண்டாவது கையெழுத்து போட்டவர் 34 வருஷமும் கிளம்பவே இல்ல!

இதுக்கு நேர் எதிர் ஹெய்ட்டி. 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்கு அப்புறம் வந்த நிவாரணக் காசுல அந்த நாட்டு அரசாங்கம் கைக்குப் போனது ஏறக்குறைய 1 விழுக்காடுன்னு ஐநாவோட சிறப்புத் தூதர் அலுவலகமே சொல்லுச்சு. மீதி எல்லாம் வெளியிலேருந்து வந்த அமைப்புங்க, ராணுவம், காண்ட்ராக்டர் வழியா. அதுக்கு மேல ஐநா படை முகாம்லேருந்து காலரா பரவி ஏறக்குறைய 10,000 பேர் செத்தாங்க, 2016ல பான் கீ மூன் மன்னிப்பு கேட்டாரு. அரசாங்கம் பலவீனம்னு அவங்களைத் தாண்டிப் போனாங்க, தாண்டித் தாண்டிப் போனதுல இருந்த பலமும் போச்சு. அங்க மட்டுமில்ல, வெளிநாட்டு நிவாரண அமைப்புங்களோட வெள்ளை லேண்ட் குரூசர் வந்து இறங்கற எந்த ஊர்லயும் இதான் நடக்கும், இங்கிலீஷ் தெரிஞ்ச வாத்தியார் பள்ளிக்கூடத்தை விட்டுட்டு அந்த வண்டிக்கு டிரைவராப் போயிடுவாரு, ஏன்னா டிரைவர் சம்பளம் டாக்டர் சம்பளத்தை விட அதிகம். அவரைத் தப்பு சொல்ல முடியுமா, அவர் வீட்லயும் அடுப்பு எரியணுமே.

நமக்கு இது தெரியாத கதையும் இல்ல. 1945ல ஜப்பான்காரன் போனதும் வாழைமரம் போட்ட நோட்டு வெறும் காகிதமாச்சு, பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் வந்துச்சு, அதோட இங்கிலீஷ் சுருக்கப் பேரு பிஎம்ஏ, அதை வச்சு ஜனங்க பிளாக் மார்க்கெட் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது கறுப்புச் சந்தை நிர்வாகம்னு கிண்டல் பண்ணாங்க. அரிசி வந்துச்சு, ஆனா பாதி வழியில காணாமப் போச்சு. எங்க அம்மா கடைசி வரைக்கும் அரிசியில கல்லு பொறுக்கும்போதெல்லாம் அந்தக் காலத்தைத் திட்டுவாங்க. அப்புறம் 1952ல லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு வந்துச்சு, 1960ல ஐநா குழுவோட வின்செமியஸ்ங்கற டச்சுப் பொருளாதார நிபுணர் வந்தாரு, 1984 வரைக்கும் ஆலோசனை சொன்னாரு. சொன்னாரு, அவ்வளவுதான். மேசையில உட்கார்ந்து பாரம் பூர்த்தி பண்ணது நம்ம கிராணிங்க, மாசாமாசம் சம்பளம் வாங்கிக்கிட்டு.

தீமோர் லெஸ்டேவையும் இங்க சொல்லணும். இந்தோனேசியா கையில இருந்த இடம், 1999 ஆகஸ்ட்ல வாக்கெடுப்பு, 78 விழுக்காட்டுக்கு மேல விடுதலைக்கு ஓட்டு, உடனே இந்தோனேசியாவுக்கு ஆதரவான ஆயுதக் கும்பலுங்க ஊரையே கொளுத்திட்டாங்க, இந்தோனேசிய அதிகாரிங்களும் வாத்தியாருங்களும் கப்பலேறிட்டாங்க, அரசாங்கம்னு சொல்ல ஆளே இல்ல. 2002 மே வரைக்கும் ஐநாவே ஆட்சி நடத்துச்சு, அப்புறம் அங்க இருந்த ஐநா படைக்கு நம்ம சிங்கப்பூர் ஜெனரல் டான் ஹக் ஜிம் ஒரு வருஷம் தலைமை தாங்கினாரு. 2006ல மறுபடி கலவரம், ராணுவமும் போலீசும் மோதிக்கிட்டாங்க. அப்படியும் அந்த நாடு 2025 அக்டோபர்ல ஆசியான்ல 11வது உறுப்பினராச் சேர்ந்துச்சு. அவங்க அதிகாரிங்க எத்தனையோ பேர் இங்க வந்து பயிற்சி எடுத்துட்டுப் போனவங்க, 1992லேருந்து நடக்கற சிங்கப்பூர் ஒத்துழைப்புத் திட்டம்னு ஒண்ணு இருக்கே, அதுல. நாம யாருக்கும் பெரிய தொகை கொடுக்கற நாடு இல்ல, அதிகாரிங்களைக் கூப்பிட்டு வேலை கத்துக் கொடுத்து அனுப்பறோம். அந்த வாசகர் இதைக் கொஞ்சம் கணக்குல எடுத்துக்கணும். ஆனா கத்துக்கிட்டுப் போற ஆளுக்கு அங்க சம்பளம் வரணுமே, இல்லாட்டி அவரும் டிரைவர்தான்.

2025ல அமெரிக்கா யுஎஸ்எய்டுங்கற தன்னோட வெளிநாட்டு உதவி அமைப்பை இழுத்து மூடிட்டாங்க, இனிமே வர்ற காசு குறையத்தான் போகுது. குறையும்போது முதல்ல எதை வெட்டுவாங்கன்னு எனக்குத் தெரியும், பட்டறையிலயும் பார்த்திருக்கேன். போட்டோவுல வர்றது தப்பிச்சுக்கும், பயிற்சியும் சம்பளமும் போகும்.

நம்ம பக்கமும் தப்பு இருக்குங்க. எங்க வட்டாரத்துல ஒரு தடவை போர் நடக்கற ஒரு ஊருக்குன்னு பழைய துணி சேர்த்தோம், எந்த அமைப்பு மூலமான்னு சொல்ல மாட்டேன், நானும் ரெண்டு சனிக்கிழமை உட்கார்ந்து மடிச்சேன். மூட்டையைப் பிரிச்சா கல்யாணப் பட்டுப்புடவை, கோட்டு, ஒரு பக்கத்து ஹைஹீல்ஸ் செருப்பு. ஜோடி இல்ல, ஒண்ணே ஒண்ணு! கப்பல் கட்டணம் துணியோட விலையை விட அதிகமாச்சு, கடைசியில அனுப்பவே இல்ல, கிடங்குல பூஞ்சை பிடிச்சுப் போச்சு. கொடுத்த நமக்கு வீடு காலியாச்சு, மனசு நிறைஞ்சுது. காசாக் கேட்டா மட்டும் உடனே கேள்வி வரும், நிர்வாகச் செலவு எத்தனை விழுக்காடு, சம்பளத்துக்கு எவ்வளவு போகுதுன்னு, என்னமோ சம்பளம் கொடுக்கறது திருட்டு மாதிரி. கணக்கு கேட்கறது சரி, நானே கேட்பேன், ஆனா சம்பளம் பூஜ்யம்னு பெருமையாச் சொல்ற அமைப்பைப் பார்த்தா எனக்கு நம்பிக்கை வராது, அங்க வேலை பார்க்கறது யாரு, பேயா?

2016ல இஸ்தான்புல்ல பெரிய பெரிய நாடுங்களும் அமைப்புங்களும் கூடி நிவாரணக் காசுல 25 விழுக்காட்டை 2020க்குள்ள உள்ளூர் அமைப்புங்க கைக்கு முடிஞ்ச வரை நேராக் கொடுப்போம்னு வாக்குக் கொடுத்தாங்க. வருஷம் தாண்டியும் பக்கத்துல கூட வரல. உங்க பத்திரிகையில இதைப் பத்தி யாராவது விவரமா எழுதினா நல்லா இருக்கும், சிங்கப்பூர்ல வசூல் பண்ற அமைப்புங்க அங்க யாரை வேலைக்கு வச்சு யாருக்குச் சம்பளம் கொடுக்கறாங்கன்னு ஒரு பக்கம் போடுங்க.

கடைசியா ஒண்ணு. காப்பிக் கடைச் சண்டையில சும்மா பேசிக்கிட்டே இருக்கக் கூடாதுன்னு போன செவ்வாய்க்கிழமை ஒரு அமைப்புக்கு போன் போட்டேன், 50 வெள்ளி கொடுக்கறேன், ஒரு நர்ஸ் சம்பளத்துக்குன்னு எழுதிக் கொடுக்க முடியுமான்னு கேட்டேன். அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, ரொம்ப நேரம் தேடிப் பார்த்துட்டு, அங்கிள் பாரத்துல உணவு, தண்ணி, மருந்து, கூடாரம் இதான் இருக்கு, சம்பளம்னு ஒரு கட்டம் இல்லன்னு சொல்லுச்சு. கீழ "மற்றவை"ன்னு ஒண்ணு இருக்காம். அதுல டிக் பண்ணி, பக்கத்துல பேனாவால நர்ஸ் சம்பளம்னு எழுதி அனுப்பிட்டேன். ரசீது இன்னும் வரல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சம்பளக் கிராணி,
ஈசூன்